பம்போடு போன முக்காலி

நல்ல தூக்கத்தின் விலை பதினெட்டாயிரம். நான் முதலில் சொன்னது பத்தொன்பதரை. வாங்கியவர் என் தங்கை புருஷன் என்பதால் ஒன்றரை குறைத்துக் கொடுத்தேன்.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் அப்படிச் சொல்வதுதான் வழக்கம், ஐயா. பம்பு விற்கவில்லை, தூக்கம் விற்கிறேன் என்று. நீராவிக் கலம், அதாவது பாய்லர், செய்கிறவனாகட்டும், குழாய் பதிக்கிறவனாகட்டும், செய்து முடித்ததில் தண்ணீரை நிரப்பி, அது தாங்க வேண்டிய அழுத்தத்துக்கு ஒன்றரை மடங்கு பம்பால் ஏற்றி, அரை மணி நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மீட்டரின் முள் அசையாமல் நின்றால் அன்று படுத்தவுடன் தூக்கம் வரும்.

நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் வாக்குமூலத்தைப் படித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். 'கடைக்காரர் கவனக்குறைவாகப் பொருந்தாத பம்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததால்' என்று ஒரு வரி. அதில் கையெழுத்துப் போட்டால் ஜாமீனில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அந்த வரியின் கீழே என் பெயரைப் போட முடியாது. இருபத்தாறு வருஷமாகக் கடை நடத்துகிறேன். பொருந்தாத பம்பை ஒருவர் தலையிலும் கட்டியதில்லை. மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பம்பு தேர்ந்தெடுப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எவ்வளவு அழுத்தம் வேண்டும், கலத்துக்குள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், வாங்குகிறவனுக்கு எவ்வளவு பொறுமை உண்டு. இவ்வளவுதான் கேட்க வேண்டும். பெருமைக்காகப் பெரிய மோட்டார் பம்பு வாங்குகிறவன் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் முள் எல்லை தாண்டி ஓடிவிடும். நல்ல கலத்தையும் அவனே கெடுத்துவிடுவான். காசைப் பார்த்துச் சின்னதாக வாங்குகிறவன் கைப்பிடியை ஆட்டி ஆட்டித் தோள் இறங்கிப்போய், மறுநாள் என் கடைக்கே வந்து என்னைத் திட்டுவான். அதனால் ஆளைப் பார்த்து, அவனுக்கு நிஜமாகவே என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் கொடுப்பேன்.

மாப்பிள்ளைக்குப் பட்டறை. நீராவிக் கலங்கள் செய்வார். வெல்டிங்கில் கை சுமார்தான், பேரத்தில் எமன். என்னிடமே அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போகத் தெரிந்த ஒரே ஆள். உறவாயிற்றே என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் தண்ணீர் மோட்டார் ஒன்று வாங்க வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பதினாறாயிரம் சொன்னேன்.

"மச்சான், இது உங்களுக்கு என்ன விலைக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். பதினொண்ணு இருநூறு. உங்க தங்கச்சியே சொல்லிட்டா. பதினாறுன்னு எந்த வாயால சொல்றீங்க?"

"மாப்பிள்ளை விளையாடுறாரு," என்றேன் நின்றவர்களிடம்.

"விளையாடுறதா இருந்தா பதினொண்ணுக்குக் கேட்டிருப்பேன். பதினொண்ணரை தரேன். மிச்சத்தை டீச் செலவுக்கு வச்சுக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பதினொன்றரைக்குக் கொடுத்தும் அனுப்பினேன். அதற்குப் பிறகு மூன்று மாதம், கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் பேரத்தைப் பதினொன்று இருநூறில்தான் ஆரம்பித்தார்கள். ஒரு முழம் ரப்பர் குழாய் வாங்க வந்தவன்கூட. கடைசியில் அதுவே எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது. நேற்று நீங்கள் தெருமுனையில் என் கடையை விசாரித்தபோது, 'பதினொண்ணு இருநூறு கடையா' என்றுதானே கேட்டிருப்பார்கள்.

நான் கோபக்காரன் இல்லை, ஐயா. கோபம் வியாபாரத்துக்கு ஆகாது.

நாலாவது மாதம் மாப்பிள்ளை முகம் வாடி வந்தார். ஒரு சலவைத் தொழிற்கூடத்துக்கு நீராவிக் கலம் செய்திருக்கிறார். இரண்டு நாளில் சோதிக்க ஆள் வருகிறார். தண்ணீர் நிரப்பிப் பார்த்தால் அடியில் ஒழுகுகிறது. என்னைக் கையோடு பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கலத்துக்கு அடியில் படுத்து, தகடு இரண்டையும் ஒட்டியிருந்த வெல்டிங் வரியில் விரலை ஓட்டிப் பார்த்தேன். மயிரிழை விரிசல், ஆனால் ஒரு சாண் நீளம். வெட்டியெடுத்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டும். பதினைந்து நாள் வேலை.

"என்ன மச்சான், பெரிசா?"

"ஊசித் துளை மாப்பிள்ளை. நாலு நாள் ஆவி ஏறினா துருவே அடைச்சுக்கும்."

"அப்படின்னா முள்ளுக்காரரைத் தாண்டினாப் போதும்ங்கறீங்க."

"அதுக்குன்னே ஒரு பம்பு இருக்கு."

முள்ளுக்காரர் என்பது சோதனை அதிகாரி. நேர்மையான மனிதர், ஒரு டீகூடக் குடிக்கமாட்டார். தன் பையில் தன் மீட்டரைக் கொண்டுவந்து தன் கையாலேயே மாட்டி, எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். உலகத்தில் வேறு எவர் மீட்டரையும் நம்பமாட்டார். மாட்டுகிற இடத்தை மட்டும் நம்பிவிடுவார்.

சாதாரணக் கைப்பம்பில் முதலில் வால்வு, அதற்கப்பால் கலத்தின் பக்கம் மீட்டர். அழுத்தம் ஏற்றி வால்வை மூடினால் மீட்டர் கலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் கிடங்கில் வேறு ரகம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதில் முதலில் மீட்டர், பிறகு வால்வு. இடம் மாறியது நாலு விரற்கடைதான். வால்வை மூடினால் மீட்டர் பம்பை மட்டுமே பார்க்கும். அந்தப் பக்கம் கலம் முழுக்க வடிந்தாலும் முள்ளுக்குச் சேதி போகாது. ஒழுகும் கலத்துக்கு அதைவிடப் பொருத்தமான பம்பு சந்தையில் இல்லை. பொருந்தாத பம்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொரு யோசனையும் இலவசமாகச் சொன்னேன். கலத்தில் ஐஸ் போட்ட தண்ணீரை நிரப்பச் சொன்னேன். வெளியே புழுக்கம். கலத்துக்கு உடம்பெல்லாம் வேர்த்துக்கொட்டியது. அதில் எது வேர்வை, எது ஒழுகல் என்று பெற்றவனுக்கே தெரியாது. முள்ளுக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார், துடைத்தார், மறுபடி வேர்த்தது. முள் மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொண்டுவந்த மீட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாமே. பாவம்.

விலை பேசியதைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் பத்தொன்பதரை என்றேன், அவர் பதினாறு என்றார், பதினெட்டில் வந்து நின்றது. அப்போதும் விடவில்லை.

"மேல என்ன தருவீங்க மச்சான்?"

"ஒரு முக்காலி தரேன்."

"பம்புக்கு எதுக்கு முக்காலி?"

"பம்புக்கு இல்ல, உங்களுக்கு. ஆவி ஏத்துற அன்னிக்குக் கலத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும்ல? நாலு மணி நேரம் நின்னா முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"மச்சான் ஒரு பொருளைச் சும்மா குடுத்தாருன்னு சொன்னா வீட்ல உங்க தங்கச்சியே நம்பமாட்டா," என்று சொல்லி, முக்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

இந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம், ஐயா. புதுக் கலத்தில் முதல் தடவை ஆவி ஏற்றும்போது, செய்தவர் ஆரம்பம் முதல் முழு அழுத்தம் வரும்வரை கூடவே இருப்பார். தண்ணீர் சாது. விரிசல் விட்டால் கொஞ்சம் சிந்திவிட்டு அடங்கிப்போகும். அதனால்தான் சோதிக்கத் தண்ணீரை வைத்திருக்கிறார்கள். ஆவிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அடைபட்டதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிடும். இதெல்லாம் மாப்பிள்ளைக்கும் தெரிந்ததுதான். ஊசித் துளைக்கு அப்படி ஆகாது என்று நினைத்தார். ஊசித் துளை என்று சொன்னது நான்.

முக்காலியை எங்கே போட வேண்டும் என்றும் நான்தான் சொன்னேன். விரிசல் பக்கமாகவே போட்டு உட்காருங்கள், துரு அடைத்துக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று. அவர் சொன்னபடி கேட்டார். பேரத்தைத் தவிர மற்றதில் என் பேச்சைத் தட்டமாட்டார்.

கலம் வெடித்தபோது பக்கத்து மேசையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாவும் போய்விட்டார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

மாப்பிள்ளை போன எட்டாம் நாள் தங்கை கடைக்கு வந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அண்ணே, அவருக்கு நல்ல பம்பாப் பாத்துத்தானே குடுத்தே?"

"பாத்துப் பாத்துத்தான்மா குடுத்தேன்," என்றேன். அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

ஆகையால் 'பொருந்தாத' என்பதையும் 'கவனக்குறைவாக' என்பதையும் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

கணக்கையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மோட்டாரில் அவர் குறைத்தது நாலாயிரத்து ஐந்நூறு. பம்பில் குறைத்தது ஆயிரத்து ஐந்நூறு. ஆக ஆறாயிரம். அது தீர்ந்தது. இஸ்திரி போட்ட அம்மா என் கணக்கில் வரமாட்டார், அவர் என் கடையில் எதுவும் வாங்கியதில்லை. வரவேண்டிய பாக்கி ஒரு முக்காலி, இரும்புக் கால், தேக்குப் பலகை. அதைத் தங்கையிடம் போய்க் கேட்க எனக்கு மனசு வரவில்லை. நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா.