சாக்பீஸ் ரோடு

இல்ல தம்பி, தரைல கோடு எங்க போகுதோ அதுக்கு நேராத்தான் சுவத்துல துளை போடணும். ஹால்லேருந்துன்னா போன்ல சொன்னாரு? சொல்லியிருப்பாரு. ஆனா கோடு உள் ரூம்லேருந்துதான வருது, நீங்களே பாருங்க. அந்த மெஷின மொதல்ல கீழ வைங்க. டீ ஆறுது. நரை விழுந்த மனுஷனப் போய்த் தம்பிங்கறேனேன்னு நினைக்காதீங்க, வீட்டுக்கு வேலைக்கு வர்ற எல்லாரும் எனக்குத் தம்பிதான்.

கைப்பிடி யாருக்கா? அதக்கூடச் சொல்லலியா? சரியாப் போச்சு. உங்களுக்குப் போன் பண்ணின என் வீட்டுக்காரருக்குத்தான். புரோஸ்டேட் ஆபரேஷன். ஆண்டவன் புண்ணியத்துல நல்லபடியா முடிஞ்சுது, நாளைக்குக் காலைல கூட்டிட்டு வந்துடுவோம். இப்ப பெரியவ அங்க அவர்கூட இருக்கா. நான்தான் வீட்ட ஒழுங்கு பண்ணணும்னு வந்தேன்.

கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறாரே, அவருதான். உங்க மச்சானும் அவருகிட்டதான் படிச்சாரா? அப்ப நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பாரு. அந்தக் கார்ல வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்ல, காலமெல்லாம் அத மிதிச்சு மிதிச்சு அந்தக் காலு வீட்லயும் சும்மா கெடக்காது. நான் எதாச்சும் படபடன்னு பேசினேன்னு வைங்க, அவரு வாயத் தொறக்க மாட்டாரு. காலு மட்டும் தரைய ஒரு அழுத்து அழுத்தும். உங்க பிரேக் வேலை செய்யலீங்கன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் பேசுவேன்.

இந்தக் கோடும் அவரு ஏற்பாடுதான். எதுக்கும் ஒத்திகை பாத்துடணும் அவருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே, கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும் சாக்பீஸால ரோடு போட்டுட்டாரு. வளைவுல அம்புக்குறி. வாசப்படிகிட்ட ‘நில், கவனி’ன்னு எழுத்து வேற. யாரு நிக்கணும், யாரக் கவனிக்கணும்னு கேட்டேன், மொறைச்சாரு.

கொஞ்ச நாளைக்கு மூத்திர டியூப்பும் பையுமாத்தான இருக்கணும்? அதுக்கும் ஒத்திகை. ஒரு பிளாஸ்டிக் பையில தண்ணி ரொப்பி, தொடையில கட்டி, மேல பேன்ட்டப் போட்டுக்கிட்டு நடக்கறாரு. மூணாவது எட்டுல மிதியடி தடுக்கிச்சு. விழல, சுவத்தப் புடிச்சுக்கிட்டாரு. பை பொத்துக்கிச்சு. அந்த நேரம் பாத்து பெரியவ கதவத் தொறந்துட்டு உள்ள வர்றா. அப்பா பேன்ட் சொட்டச் சொட்ட நிக்கறத பாத்தவ ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா. இது ஒத்திகைம்மா, வெறும் தண்ணிதாம்மான்னு இவரு கெஞ்சறாரு. நான் சிரிச்ச சிரிப்புல எனக்கு வயிறு புடிச்சுக்கிச்சு.

அவரும் சிரிச்சாரு. சிரிச்சிட்டு, மறுநாள் தனியாப் போய் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிட்டு வந்தாரு. ஹால் கட்டிலுக்கு அளவெடுத்து வாங்கினது. அதப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வரல தம்பி.

குடிங்க, குடிங்க. சக்கரை போதுமா?

நர்ஸம்மா ஒரு பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. டியூப்ப எடுத்தப்புறம் செய்யணுமாம். கொஞ்ச நாளைக்குக் கசியுமாம், அதனால இறுக்கிப் புடிச்சு, அப்படியே மெதுவா விடணுமாம். இவரு என்னா சொன்னாருங்கறீங்க? ஏம்மா, இதத்தான கிளட்ச்சுல வருஷக்கணக்கா நான் கத்துக்குடுக்கறேன், எவன் கேட்டான்னாரு. அந்தம்மா பேப்பரால மூஞ்சிய மூடிக்கிட்டாங்க. கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, தண்ணி நெறையக் குடிக்கணும். எல்லாத்துக்கும் தலையாட்டினவரு, கார் ஓட்டக் கூடாதுன்னதும் அந்தக் காலால தரைய அழுத்தினாரு பாருங்க.

என்ன கேட்டீங்க? ஹால்ல ஏன் கட்டில்னா?

அவரு அங்கதான் படுக்கறாரு. ரொம்ப காலமா. சண்டையெல்லாம் இல்ல, சேச்சே. இந்த வியாதி வந்ததுலேருந்து ராத்திரில எந்திரிச்சு எந்திரிச்சுப் போவாரு. அவரு எந்திரிச்சா எனக்கும் முழிப்பு வந்துடும். தூங்கற மாதிரி கண்ண மூடிக்கிட்டுத்தான் கெடப்பேன், ஆனா கண்டுபுடிச்சிடுவாரு, கண்ணாடியிலயே பின்னாடி வர்றவனப் பாத்துப் பழகின ஆளாச்சே. ஒரு நா தலகாணியத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாரு. நீ நிம்மதியாத் தூங்குன்னாரு. நானும் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லல, அவருக்கு அதுதான் சௌகரியம் போலன்னு இருந்துட்டேன். அவரு எனக்காகன்னு நெனச்சாரு, நான் அவருக்காகன்னு நெனச்சேன். ரெண்டு பேருமே சரியாத் தூங்கல. இந்த வீட்ல இப்படித்தான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. டியூப் இருக்கற வரைக்கும் எந்திரிக்கற வேலையே இல்ல. அப்ப அந்தக் காரணம் போச்சு. டியூப்ப எடுத்தா கசியுமேன்னு கூசுறாரு. அதுக்குத்தான் அந்த ரப்பர் விரிப்பு, எனக்குத் தெரியாதா? மூணு பிள்ளை வளத்தவ நான், ஈர மெத்தையெல்லாம் பாக்காதவளா?

அதனால நேத்து ஹாலத் தொடச்சப்ப அவரு ரோடு அழிஞ்சு போச்சு. அழிஞ்சு போச்சுன்னா, மாப்பு என் கையிலதான் இருந்துச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுல சாக்பீஸ் வாங்கிட்டு வந்து, உள் ரூம்ல என் கட்டில் இருக்குல்ல, அங்கேருந்து புதுசாப் போட்டேன். அம்புக்குறி எனக்கு அவ்வளவு அழகா வராது. அந்த விரிப்பையும் என் மெத்தையில அவரு பக்கத்துக்கு விரிச்சாச்சு. கொஞ்சம் நீளம், மடிச்சு விட்டுட்டேன். பைய மாட்டற கொக்கி மட்டும் கட்டில் விளிம்புல, கீழ்ப்பக்கமா அடிச்சுக் குடுங்க. பை தாழத்தான் தொங்கணுமாம்.

அவர வீட்டுக்குக் கொண்டுவந்து சேத்துடு, அது போதும்னுதான் கடவுள்கிட்ட கேட்டேன். எந்த ரூமுங்கறத நான் பாத்துக்கறேன்னுட்டேன். அதுக்கெல்லாம் கடவுளத் தொந்தரவு பண்ண முடியுமா?

கைப்பிடியக் கழட்டற மாதிரியா? வேணாம். நல்லா ஆழமாவே துளை போட்டு முடுக்குங்க.

உங்க போன் அடிக்குது பாருங்க. அவராத்தான் இருக்கும், எடுங்க. கோட்டுப்படியே வேலை நடக்குதுங்கன்னு சொல்லுங்க. அதுல ஒண்ணும் பொய் இல்லையே.