எங்கள் வீட்டு வாசலில் மட்டும் ஒழுகிய வண்டி

டீ வேண்டாம் அம்மா. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. தண்ணீர் போதும். அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் நல்லது. இந்த வயசில் காற்றுகூட உடம்பில் குத்துகிறது.

என் மகன் செம்பியனை மறுபடியும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். அவனுக்குப் பதிலாக நான் வந்திருக்கிறேன். நான் இங்கே வந்தது அவனுக்குத் தெரியாது. திருவந்திபுரம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்த வண்டியைப் பற்றி அவனைவிட எனக்கு ஜாஸ்தி தெரியும். என் வீட்டுக்காரர் விசைப்படகில் இன்ஜின் டிரைவராக இருந்தவர். அவர் இன்ஜினைப் பிரித்துப் போட்டால், மீன் விற்றுவிட்டு வந்த கூடையோடு நான் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடிப்பேன். அவர் பேசிக்கொண்டே வேலை செய்வார். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். எனக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், பேசின பேச்சு மறக்காது. எழுதுவதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். முதலில் கேளுங்கள்.

வண்டி ஒரு பழைய ஆஸ்பத்திரி வேன். டீசல். நோயாளியைப் படுக்க வைக்கிற இடத்தில் செம்பியன் கட்டில் போட்டான். கேஸ் அடுப்பு வைத்தான், தண்ணீர்த் தொட்டி வைத்தான். என் மருமகள் சுவேதா ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்தாள். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு, அதிலேயே குடியிருந்தபடி காஷ்மீர் வரைக்கும் போவதாகத் திட்டம். தாழங்குடாவில் எங்கள் தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு முத்தம்மாள் உள்ளே ஏறி, திறக்கிற கதவை எல்லாம் திறந்து பார்த்தாள்.

“ஏன்டி விருத்தா, கக்கூசும் உள்ளயாமே. சோறாக்குற எடத்துலயா?”

“ஆக்குறதும் அவுங்க, போறதும் அவுங்க. உனக்கு என்னா?”

“எனக்கு என்னா வந்துது. நீ எங்கடி படுப்ப? கட்டில் ஒண்ணுதான கெடக்கு.”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் அதையே என் மகனிடம் கேட்டேன்.

“நீ வெண்மதி வீட்ல இரும்மா. ஒரு வருஷம்தான. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துடுவோம்.”

வெண்மதி என் மகள். அவள் புருஷனுக்கு யுனிவர்சிட்டியில் வேலை. அண்ணாமலை நகரில் குவார்ட்டர்ஸ். நல்ல பெண். நான் அங்கே மீன் பொரித்தால் எதிர்வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். வெண்மதி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள், ஊதுவத்தி கொளுத்தி வைப்பாள். கதவுச் சத்தத்தைத் தாங்கிக்கொள்வேன். அந்த ஊதுவத்தியைத்தான் என்னால் தாங்க முடியாது. இதற்காகவா என்று கேட்பீர்கள். கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் இரண்டு பேரும் கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு டின் கழிவு ஆயில் எப்போதும் இருக்கும். கரையோரம் பாதி வீட்டில் இருக்கும். படகு இன்ஜினிலிருந்து வடித்தது. கரையான் ஏறாமல் இருக்க வாசற்கால் அடியில் பூசுவோம். அன்றைக்கும் பூசிக்கொண்டிருந்தேன். வண்டிக்கு அடியில் கொஞ்சம் கொட்டிவிட்டது. கை தவறிக் கொட்டியது என்றுதான் முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. குனிந்து, இன்ஜினுக்கு நேர் கீழே எது என்று பார்த்துத்தான் ஊற்றினேன்.

திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான்.

“அம்மா, வண்டியில ஆயில் ஒழுவுதும்மா.”

“பழைய வண்டிதானப்பா.”

அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வந்தது. அதை நினைத்தால் உடம்பே கூசுகிறது.

பயணம் தள்ளிப்போனது. வண்டியைச் சிதம்பரத்தில் பக்கிரியின் ஷெட்டுக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரி வேனாக ஓடிய காலத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். வாய் ஓயாத மனுஷன். சொந்தம் இல்லை, கூப்பிடும் முறைக்குச் செம்பியனுக்கு அவர் மாமா, அவருக்கு நான் அக்கா. “இதோட நாடி எனக்குத் தெரியும் தம்பி, நீ விட்டுட்டுப் போ” என்றார். மேலே இருக்கிற மூடியின் பேக்கிங்கை மாற்றினார். கீழே பேப்பரை விரித்து ஒரு வாரம் நிறுத்தி வைத்தார். பிறகு எனக்கே போன் போட்டார்.

“அக்கா, ஒரு சொட்டு இல்ல. அந்தப் பேப்பர்ல வடை மடிச்சுத் திங்கலாம்.”

வண்டி வீட்டுக்கு வந்தது. இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனார்கள். நான் ஊற்றினேன்.

மறுபடியும் சிதம்பரம். கியர்பாக்ஸை இறக்கி ஆயில் சீலை மாற்றினார். மறுபடியும் அங்கே ஒரு சொட்டு இல்லை, இங்கே வந்தால் ஒழுகும்.

“என்னா மாமா இது, ஒங்க ஷெட்டுல ஒழுவல, எங்க வீட்ல மட்டும் ஒழுவுது?”

“ஒங்க ஊரு தண்ணி அதுக்கு ஒத்துக்கலையோ என்னமோ.”

முதலில் இப்படித்தான் சிரிப்பாகப் போனது. பிறகு செம்பியனுக்குக் கோபம் வந்தது. அவருக்கு வேலை தெரியவில்லை என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னான். சுவேதா அவர் ஷெட்டைப் பற்றிப் போனில் ஏதோ எழுதிப் போட்டாள். அதை நிறையப் பேர் படித்தார்களாம். ஆம்புலன்ஸ்காரர்கள் வேறு ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். இதை எல்லாம் நான் கேட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

பக்கிரிக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. யோசித்து ஒன்று கண்டுபிடித்தார். எங்கள் வீடு வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டியது; வாசல் சிமெண்ட் தரை தெருப் பக்கம் சரியும். சரிவில் நிற்கும்போது ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எங்கேயோ கசிகிறது, சமதரையில் கசியவில்லை என்றார். அதனால் எங்கள் வாசலிலேயே வைத்துப் பார்க்கக் கிளம்பி வந்தார்.

“இன்னைக்கி ஒண்ணு ஆயில் ஜெயிக்கணும், இல்ல நான் ஜெயிக்கணும்.”

அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது. இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கியரையும் நியூட்ரலில் வைத்திருந்தார். அதனால் செம்பியன் ஒரு கல்லைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் வைத்தான். என் வீட்டுக்காரர் சின்னப் படகு வைத்திருந்தபோது நங்கூரமாகப் போட்ட கல். நடுவில் கயிறு கட்ட ஓட்டை இருக்கும். துணி துவைக்கிற இடத்தில் கிடப்பது. பக்கிரி அதைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

“படகையே நிறுத்தி வச்ச கல்லு. இது நிக்காதா?”

இன்ஜினை டீசல் ஊற்றிக் கழுவித் துடைத்தார். சுவேதாவிடம் முகப் பவுடர் டப்பாவை வாங்கி இன்ஜின் முழுக்கத் தூவினார். எங்கே கசிந்தாலும் பவுடரில் கோடு விழும்.

“பொண்ணு அலங்காரம் முடிஞ்சிது பாப்பா. எந்தக் கண்ணுல தண்ணி வருதுன்னு பாத்துடலாம்.”

இன்ஜினை ரொம்ப நேரம் ஓடவிட்டார்கள். ஒன்றும் இல்லை. சூடு ஆறட்டும் என்று இட்லி சாப்பிட உள்ளே வந்தார்கள். நான் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, கறிவேப்பிலை பறிக்கிறேன் என்று வெளியே போனேன். பவுடர் என் நினைவில் இல்லாமல் இல்லை. ஊற்றாமல் விட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுவார்கள் என்பதுதான் அந்த நேரத்தில் பெரிதாகத் தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து பக்கிரி பார்த்தார். மேலே பவுடர் போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது. கீழே தரையில் ஆயில். செம்பியன் தலையில் கை வைத்துக்கொண்டான். பக்கிரி வண்டிப் பக்கம் குனிந்தார். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினார், துடைத்தார், மறுபடி விட்டு உருவினார். தரையில் கிடந்ததை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

“தம்பி, அடி போல்ட்டுக்கு ஒரு வாசர் வேணும். கடலூருக்குப் போயி நீயே பாத்து வாங்கிட்டு வா. பாப்பாவயும் அழச்சிக்கிட்டுப் போ.”

அவர்கள் பைக்கில் தெருவைத் தாண்டும் வரைக்கும் காத்திருந்தார்.

“அக்கா, ஒழுவுற வண்டியில ஆயில் கொறையணும். இதுல கோட்டுக்கு மேல நிக்கிது. ஒழுவுதுன்னு நெனச்சித் தம்பி ஊத்த ஊத்த ஏறியிருக்கு.”

நான் கையிலிருந்த கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தேன்.

“தரையில கெடக்குறது இந்த வண்டி ஆயிலே இல்ல. மணலு நெரநெரங்குது. படகு ஆயிலு.”

“யாரு ஊத்தியிருப்பா?” என்று கேட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“நான் தம்பிகிட்ட சொல்ல மாட்டன்க்கா. நீங்களே சொல்லிடுங்க. பெத்தவ சொன்னா கோச்சிக்க மாட்டான். ஒங்கள விட்டுட்டுப் போவவும் மாட்டான்.”

“நான் சொல்லலன்னா?”

“சொல்லிடுவீங்க. எம்பேரும் கொஞ்சம் இருக்குல்ல அதுல.” அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் இறங்கியது. அப்புறம் பழையபடி ஆகிவிட்டார். “கழட்டுனத மாட்டிட்டு வரேன். எனக்குச் சக்கர தூக்கலா ஒரு டீ போடுங்க.”

ஜாக்கியைக் கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தார். நான் டீ போட அடுப்படிக்குப் போனேன்.

அடுப்படியில் யாரும் இல்லை. ஆனால் எனக்குப் பேச்சு கேட்டது. ஏம்மா இப்படிச் செஞ்ச என்று செம்பியன் கேட்டான். சுவேதா அவனிடம் மெதுவாக, அத்தைக்கு நல்ல டாக்டராப் பாக்கணுங்க என்றாள். முத்தம்மாள் தெருக்குழாயில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, ஏன்டி விருத்தா, மவன் போயிடுவான்னு வண்டிக்கடியில ஆயில ஊத்துனியாமே என்றாள். வெண்மதி ஒன்றும் சொல்லவில்லை. ஊதுவத்தி கொளுத்தினாள். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

கல்லில் ஆயில் பட்டிருந்தது. துணி துவைக்கிற இடத்துக் கல், கறை பிடித்துவிடும் என்று கழுவ எடுத்தேன். உங்களிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தேன். வயசான பொம்பளை, தெரியாமல் எடுத்துவிட்டாள் என்று நீங்களும் நம்புவீர்கள். நான் கழுவவில்லை அம்மா. கழுவ நினைக்கவும் இல்லை.

சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. இழுத்தேன், வந்தது. ஹேண்ட் பிரேக் அரைகுறையாகப் பிடித்திருந்ததால் வண்டி அப்போது நகரவில்லை. அடியிலிருந்து ஸ்பானர் சத்தம் கேட்டது.

“அக்கா, டீ ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சி.”

கல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். நான் தள்ளவில்லை. வண்டிமேல் கை வைக்கவில்லை. போல்ட்டை இறுக்க அவர் பலமாக இழுத்திருப்பார். வண்டி தெருப் பக்கம் ஒரு சாண் உருண்டது. ஜாக்கி நின்ற இடத்தில் நான் ஊற்றின ஆயில் இருந்தது; ஜாக்கி சறுக்கி, வண்டி இறங்கிவிட்டது. அப்புறம் அடியிலிருந்து பேச்சு வரவில்லை.

கல்லைக் கொண்டுபோய் அதன் இடத்தில் போட்டேன். கை கழுவினேன். டீயை டம்ளரில் ஊற்றி வாசலில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் முத்தம்மாளைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. அவர் சம்சாரம் தைலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“டீ கேட்டாராமே அக்கா. குடிச்சாரா?”

“குடிச்சாரும்மா,” என்றேன்.

அந்தக் கல், துணி துவைக்கிற இடத்தில் கிடந்ததால், செம்பியன் அதை வைக்கவே இல்லை, கவனக்குறைவு என்கிறீர்கள். வைத்தேன் என்று அவன் உங்களிடம் சொன்னான். ஆனால் வீட்டில் இப்போது அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“நான் கல்லு வச்சேனாம்மா? நீ பாத்தியா?”

“தெரியலப்பா. நான் அடுப்படியில இருந்தேன்.”

ஒரு தடவை அல்ல. கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொன்னேன். நேற்று அவன், “வைக்கல போலருக்கும்மா” என்றான். அதனால்தான் இன்றைக்கு வந்தேன்.

அவர்கள் இனி எங்கேயும் போகப் போவதில்லை. வண்டி உங்கள் ஸ்டேஷன் பின்னால்தான் நிற்கிறது, வரும்போது பார்த்தேன். குனிந்து அடியிலும் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். கல்லை வைத்தது செம்பியன், சரியாக வைத்தான். எடுத்தது அவன் அம்மா விருத்தாம்பாள். அடியில் ஆள் இருப்பது தெரிந்துதான் எடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன், கோர்ட்டிலும் இதையே சொல்கிறேன். எவ்வளவு தண்டனை கொடுத்தாலும் சரி.

ஒன்றே ஒன்றுதான் அம்மா. அந்த ஆயில் ஊற்றின விஷயத்தை மட்டும் இதில் எழுத வேண்டாம். என் பிள்ளைக்குத் தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பான்.