யூட்டுக்கு இரண்டு பூசை

டும்.

அது அந்தப் பக்கத்தில் செல், பீரங்கிக் குண்டு, கிளம்புகிற சத்தம். நாங்கள் எண்ணத் தொடங்குகிறோம். ஒன்று. இரண்டு. மூன்று. ஏழுக்குள் விழுந்தால் எங்களுக்கு. ஏழைத் தாண்டினால் வேறு யாருக்கோ. வேறு யாருக்கோ என்று தெரிந்ததும் மூச்சு விடுவோம். அந்த மூச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"செல் வருது! படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்துவது என் தம்பி யூட். வயது இருபத்திநாலு. பதுங்குகுழியின் வாயில் நிற்கிறான். நான் உள்ளே. என் கணவர் அன்ரன் வெளியே. கஞ்சி வாங்கப் போனவர் பால்மா டின்னைக் கையில் பிடித்தபடி வருகிறார். சிந்திவிடும் என்று மெதுவாக நடக்கிறார். பத்து அடி. எட்டு அடி.

"அத்தான், ஓடி வாங்கோ!"

நாலு என்று எண்ணினேன். ஐந்து எண்ணவில்லை.

பக்கத்தில் விழும் செல்லுக்குச் சத்தம் இல்லை. காது அடைத்துவிடும். மண் கொட்டும். தலைக்குள் ஒரு ஊளை மட்டும் நிற்கும். யூட்டின் வாய் அசைகிறது. என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. என் வலது தொடை சூடாக இருந்தது. கஞ்சி கொட்டிவிட்டது என்று நினைத்தேன். கஞ்சி இல்லை.

அன்ரனை அந்தக் குழியிலேயே புதைத்தோம். வேறு குழி வெட்ட நேரமில்லை. குழியைச் சுற்றி அடுக்கியிருந்த மண்மூட்டைகள் எல்லாம் சேலையில் தைத்தவை. ஒன்று என் கூறைச்சேலை. யூட் அந்த மூட்டையை அவிழ்த்து மண்ணை அவர்மேல் கொட்டினான். சேலையை என் தொடையில் இறுக்கிக் கட்டினான்.

என்ன தேதி என்று கேட்பார்கள். எல்லாரும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. 2009, மே மாதம். வெயில் உச்சிக்கு வரவில்லை. கலண்டர் வைத்துக்கொண்டா ஓடினோம்? எனக்குத் தெரிந்தது சத்தங்கள்தான்.

அதன் பிறகு ஐந்து முறை விடிந்தது. ஐந்தாவது விடியலில் சனம் எழும்பி நடக்கிறது. வெள்ளைத் துணி கட்டிய தடிகள். தண்ணீர். பாலம். என்னால் நடக்க முடியவில்லை. யூட் என்னை முதுகில் ஏற்றிக்கொள்கிறான். அவன் போட்டிருக்கிற சேட் நீலம். பின்கழுத்தில் மயிர் ஒட்ட வெட்டியிருக்கிறது. தோளில் சாய்ந்த என் நாடியில் அது குத்துகிறது.

அந்த மயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் இயக்கம் அவனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. மயிரை வெட்டியது. இருபத்திரண்டு நாள் வைத்திருந்தது. இருபத்திமூன்றாம் நாள் ஓடிவந்துவிட்டான். பிடித்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். சாட்சியம் என்று உட்கார்ந்த பிறகு ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு எழும்ப எனக்கு விருப்பமில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இராணுவத்தின் ஒலிபெருக்கி. உடைந்த தமிழ். ஒரு நாள் இயக்கத்தில் இருந்தாலும் வந்து பதியவும். விசாரித்துவிட்டு விடுவோம். பதியாமல் பிறகு பிடிபட்டால் பொறுப்பில்லை. திரும்பத் திரும்ப அதே மூன்று வசனம். ஒரு மேசை. ஒரு கொப்பி. பச்சை நிற பஸ் ஒன்று.

யூட் என்னை இறக்கி வைத்தான். அவன் போக விரும்பவில்லை.

"சனத்துக்குள்ள நிண்டா ஆருக்கும் தெரியாது, அக்கா."

"உன்ர தலையைப் பாத்தா குருடனுக்கும் தெரியும். போய்ப் பதி. விட்டிடுவாங்கள்."

"அக்கா..."

"போ எண்டுறன்."

நான்தான் சொன்னேன். யாரும் அவனை இழுத்துக்கொண்டு போகவில்லை. நான் மூத்தவள். தாய் அருகில் இல்லாத இடத்தில் நான்தான் தாய். அவன் தண்ணீர்ப் போத்தலை என் மடியில் வைத்தான். கால்வாசித் தண்ணீர் இருந்தது. மேசைக்குப் போனான். பெயர் சொன்னான். எழுதினார்கள். பஸ்சில் ஏறினான். ஜன்னலால் கை காட்டினான். எனக்குத்தானா என்று தெரியவில்லை. இடையில் சனம் நின்றது. காயக்காரரை ஏற்றுகிற உழவு இயந்திரத்தில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. கியர் மாற்றும்போது ஒரு கரகரப்பு. பிறகு இல்லை.

அதுதான் கடைசி.

இப்போது ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் ஒன்றைத் துப்புரவு செய்கிறேன். பிள்ளைகள் கதிரையைத் தூக்கி மேசையில் போடுகிற சத்தத்துக்கு இன்றும் எண்ணத் தொடங்குகிறேன். ஏழு வரை எண்ணிவிட்டு விளக்குமாற்றை எடுக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் எனக்குப் பழக்கமாகிவிட்டார்கள். அவர்களுக்கும் நான் பழக்கமாகிவிட்டேன்.

வந்த புதிதில் அகதிகள் விடுதியில் இருந்தேன். ஹைம் என்போம். அகதி விசாரணைக்கு டெர்மின், வரச்சொல்லும் தேதி, வந்தது. விடுதியில் இருந்த அத்தனை பேரும் எனக்கு வாத்தியார் ஆனார்கள். முன்னறையில் இருந்த அண்ணை விரலை நீட்டிச் சொன்னார்.

"இயக்கம் எண்ட சொல்லை உள்ளுக்க எடுத்திடாதையுங்கோ, தங்கச்சி. எடுத்தால் உங்களையும் அதுக்குள்ள போட்டிடுவாங்கள். கேஸ் முடிஞ்சுது."

கெட்ட மனுசன் இல்லை. அவருக்கு அப்படி யாரோ சொல்லியிருந்தார்கள். நாங்கள் எல்லாரும் ஒருவர் பயத்தை ஒருவருக்குக் கொடுத்துத்தான் அங்கே வாழ்ந்தோம்.

விசாரணை அறை. ஜன்னல் மூடியிருக்கிறது. ஒரு அதிகாரி. மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவர். அன்ரனைப் பற்றிச் சொன்னேன். செல், கஞ்சி, குழி. அதிகாரி தட்டச்சில் அடிக்கிறார். டக். டக். டக். பிறகு நிமிர்ந்து ஒன்று கேட்டார். பெண்மணி அதைத் தமிழில் சொன்னார்.

"உங்க தம்பி என்ன ஆனாரு?"

பதிந்தான் என்றால் ஏன் பதிந்தான் என்று கேட்பார்கள். ஏன் என்றால் இயக்கம். அண்ணையின் விரல் கண்ணுக்குள் நிற்கிறது. அது மட்டுமில்லை. போகச் சொன்னது யார் என்று கேட்டால்? அந்த அறையில் அதைச் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை.

"அவரும் அதே செல்லிலதான்," என்றேன்.

மூன்று சொல். டக். டக். டக். கடைசியில் எல்லாவற்றையும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். சரியா என்று கேட்டார்கள். சரி என்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். அகதி நிலை கிடைத்தது. விடுதியில் எல்லாருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன். யோசித்துப் பாருங்கள். தம்பியைக் கொன்றுவிட்டுக் கேசரி.

பொய் ஒன்று சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். இங்கே தேவாலயத்தில் மாதம் ஒரு தமிழ்ப் பூசை, திருப்பலி. அன்ரனின் ஆத்ம இளைப்பாற்றிக்கு நான் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். நான் அதே பொய்யைச் சொல்லி வைத்திருந்த விடுதிச் சனமும் அந்தக் கோயிலுக்குத்தான் வருகிறது. தம்பிக்கும் சேர்த்துக் குடுக்கலாமே என்றார்கள். கொடுத்தேன். சுவாமியார் இரண்டு பெயரையும் வாசித்தார். மரித்தவர்களுக்காக மன்றாடுவோம். நான் குனிந்து நின்றேன். அந்த வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும்.

மன்னாரில் அம்மா. அங்கே முகாமில் அடைபட்டிருந்தபோதே அவவுக்குப் போனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். யூட் உயிரோடு பதிந்தவன் என்று அவவுக்குத் தெரியும். அவவும் அதே மே மாதத்தில் பூசை கொடுக்கிறா. மகன் சுகமாய்த் திரும்பி வரவேண்டும் என்று. ஒரே கிழமை. ஒரே ஆள். அங்கே உயிரோடு, இங்கே செத்து.

"இண்டைக்குத் தம்பிக்குப் பூசை குடுத்தனான், பிள்ளை."

"நானும் குடுத்தனான், அம்மா."

"நல்லது."

என்ன பூசை என்று அவ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்படியே எத்தனை வருடம்.

பிள்ளைகளைக் காணாத மற்றத் தாய்மாருடன் அம்மா வீதியோரப் போராட்டத்தில் இருந்தா. மடியில் யூட்டின் படம். விசாரணைக் குழுக்கள் வந்தன. ஒன்று போனால் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அதே கதையைச் சொன்னா. மரணச் சான்றிதழ் எடுங்கள் அம்மா, காரியங்கள் சுலபமாகும் என்று ஒருவர் சொன்னாராம். "முதல்ல உடம்பைக் காட்டுங்கோ, பிறகு கடுதாசியைத் தாங்கோ" என்று எழும்பி வந்துவிட்டா. என்னைவிட அவ எவ்வளவோ மேல்.

என்னை ஒருமுறை ஸ்டுட்கார்டில் சமாதானக் கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள். காப்பி. பிஸ்கட். வண்ணத் துண்டுகள் தந்து எதிர்பார்ப்பை எழுதச் சொன்னார்கள். அந்தப் பச்சை பஸ்சின் இலக்கம் வேண்டும் என்று எழுதினேன். நடத்தியவர் முகம் மலர்ந்து அதைச் சுவரில் ஒட்டினார். என் துண்டுக்குப் பக்கத்தில் யாரோ சூரியன் வரைந்திருந்தார்கள். அத்துடன் மதியச் சாப்பாடு.

போன வருடம் யாழினி வந்தாள். இங்கேயே பிறந்த பிள்ளை. சட்டம் படித்தவள். இராணுவத்திடம் உயிரோடு கையளிக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றை, கண்ட சாட்சிகளோடு, வெளிநாட்டு மன்றத்துக்கு அனுப்புகிறார்கள். யூட் ஏறியதைக் கண்ணால் கண்டவள் நான். மூன்று முறை என் குசினி மேசையில் இருந்து எழுதினாள். சேட்டின் நிறம். கொப்பி. கரகரப்பு. முதல்தடவையாக, நான்தான் போகச் சொன்னேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் பேனையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். ஒரு கிழமை நன்றாக நித்திரை கொண்டேன்.

இணைக்க வேண்டும் என்று என் அகதி விசாரணைப் பத்திரத்தைக் கேட்டாள். கொடுத்தேன். மூன்று சொல்லை நான் மறக்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அடுத்த முறை வந்தபோது சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அன்ரி, அன்ரன் அங்கிள் செத்த அதே செல்லில தம்பியும் செத்தவர் எண்டு இதில இருக்கு."

"அது பொய், பிள்ளை."

"எனக்குத் தெரியும். ஆனா கையெழுத்து உங்கட. இதை அவையள் எப்பிடியும் தேடி எடுப்பினம். உங்கட சாட்சியத்தோட மற்ற ஆக்களின்ர சாட்சியமும் அடிபடும். ஏலாது, அன்ரி."

"வேற வழி?"

"உங்கட அம்மான்ர வாக்குமூலம் இருந்தா பாக்கலாம். அவ எங்கையும் மாத்திச் சொல்லேல்லை."

உண்மை. அம்மா எங்கேயும் மாற்றவில்லை. மன்னாரில் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போக ஒழுங்கு செய்தோம். திங்கட்கிழமை போவதாக இருந்தது. சனிக்கிழமை அம்மா குளிக்கப் போன இடத்தில் விழுந்தா. எழும்பவில்லை.

என்னால் போக முடியாது. அகதிப் பாஸ்போட் அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் செல்லாது. மரண அறிவித்தலை இங்கே இருக்கிற தூரத்து உறவு மாமா ஒருவர் எழுதினார். போனில் வாசித்துக்கொண்டே வந்தார். இன்னாரின் மகளும், இன்னாரின் அன்பு மனைவியும். பிறகு பிள்ளைகளின் வரி. அங்கே நிறுத்தினார்.

"யூட்டை எதுக்குள்ள போடுறது, பிள்ளை?"

எங்கள் மரண அறிவித்தலில் இரண்டு இடம்தான் உண்டு. இருக்கிறவர்கள் ஒரு வரி. காலஞ்சென்றவர்கள் ஒரு வரி. மூன்றாவது வரியை யாரும் இதுவரை அச்சடிக்கவில்லை. நான் பேசாமல் இருந்தேன். அழுதுகொண்டிருந்தேன். பேசாமல் இருந்ததை மாமா பதிலாக எடுத்துக்கொண்டார். வருடா வருடம் இங்கே நான் கொடுக்கிற பூசை அவருக்குத் தெரியும்தானே. ஒரு மணித்தியாலத்தில் இணையத்தில் வந்தது. ஸ்டெல்லா, காலஞ்சென்ற யூட் ஆகியோரின் பாசமிகு தாயாரும்.

பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்த மனுசி வாங்க மறுத்த மரணச் சான்றிதழை அவவுடைய மரண அறிவித்தலிலேயே நான் கொடுத்துவிட்டேன்.

மாமா அதைப் பிறகு திருத்தினார். அதற்குள் ஊர் முழுக்கப் பகிர்ந்துவிட்டார்கள். யாழினியும் பார்த்தாள். ஒரு அணைப்பு. அவ்வளவுதான். பட்டியல் போய்விட்டது. யூட் அதில் இல்லை.

நான் விசாரணை அலுவலகத்துக்கு எழுதினேன். அன்று பொய் சொன்னேன், திருத்துங்கள் என்று. வேண்டாம் என்று யாழினி தடுத்தாள். கேட்கவில்லை. பதில் வந்திருக்கிறது. என் அகதி நிலையை மீளாய்வு செய்கிறார்களாம். டெர்மின் அடுத்த மாதம். மேசையில் கிடக்கிறது. இந்த முறை யாரும் எனக்குப் புத்தி சொல்லத் தேவையில்லை.

அதற்கு முன் இதை எழுதி வைக்கிறேன். படிப்பதால் ஏதும் மாறும் என்று நான் நம்பவில்லை. மறக்காமல் இருந்தால் போதும்.

போனவை இவை.

என் கணவர் அன்ரன். செல். குழியில் கிடக்கிறார். இடம் எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு கூறைச்சேலை. ஒரு டின் கஞ்சி.

வலது தொடையில் சதை. உள்ளே இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. அது போகவில்லை.

அம்மா. மகனைக் காணாமலே.

செத்தவர்கள் இரண்டு பேர். மூன்று இல்லை.

யூட். இருபத்திநாலு வயது. நீலச் சேட். ஒட்ட வெட்டிய மயிர். இந்த மே மாதம் நான் பூசை கொடுக்கவில்லை. அவனை மேசைக்கு அனுப்பியவள் நான். அனுப்பும்போது அவன் உயிரோடு இருந்தான்.