வக்கீல் வாய் திறக்கலாமா?

உங்கள் பூட்ஸ் அழகாக இருக்கிறது, வக்கீலம்மா. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். அடியில் பிடிப்பே இல்லை. உறைந்த ஏரியில் காலை வைத்ததும் வாரிவிட்டுவிடும். மினியாபொலிஸிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள்.

உட்காருங்கள். நீங்கள் என் வக்கீல், நான் உங்கள் கட்சிக்காரன். நான் சொல்வது இந்த அறையைத் தாண்டாது. இதை நீங்கள் எனக்கு விளக்க வேண்டியதில்லை, சனிக்கிழமை எனக்கு வக்கீல்களுக்கான ஒழுக்கத் தேர்வு. பாடம் முழுக்கத் தலைகீழாகத் தெரியும். அதற்குள் என்னை ஜாமீனில் எடுத்துவிட்டால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போலீஸ் என்னைப் பிடித்து வைத்ததில் தப்பில்லை. டோரன் லின்ட்டின் வண்டியை நான் ஓட்டி வந்தேன். என் சட்டைக் கையில் இரத்தம். மீன் இரத்தம் என்றேன். வழியில் நிறுத்திய போலீஸ்காரர் சும்மா விடவில்லை. "சரி தம்பி, மீன் எங்க?" என்று கேட்டார். அதை நான் யோசித்திருக்கவில்லை.

டோரன் என் நண்பன். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கே ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். எனக்குப் புரியாததை அவன் சொல்லித் தருவான். அவனுக்கு முட்டைகூடப் பொரிக்க வராது, சமையல் என்னுடையது. குளிர்காலம் வந்தால் அவன் அப்பாவின் மீன்பிடிக் குடிலை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஹால்வர் ஏரியின் நடுவில் நிறுத்துவோம். பச்சைக் கூரை போட்ட சின்னப் பெட்டி அது. உள்ளே ஒரு கேஸ் ஹீட்டர், இரண்டு நாற்காலி, நடுவில் பனியைக் குடைந்த ஓட்டை. தூண்டிலைப் போட்டுவிட்டு மாறி மாறிக் கேள்வி கேட்டுப் படிப்போம். கூப்பிடு தூரத்தில் வேறு ஆள் கிடையாது.

ஒரே ஒரு கேள்வியில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகாது. செய்ததைக் கட்சிக்காரன் வக்கீலிடம் சொல்லிவிட்டான், வக்கீல் வெளியே வாய் திறக்கலாமா? கூடாது என்பேன் நான். "மக்கு, கேள்விய முழுசாப் படிடா. பாதியிலேயே பதிலுக்குத் தாவிடுற," என்று டோரன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

என் தம்பி கென்ட்டுக்கு ஒரு கண் கிடையாது. எனக்குப் பத்தொன்பது வயதில், என் வண்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனான் என்று, பனி அள்ளும் மண்வெட்டியால் அவனை அடித்தேன். முதுகில்தான் அடிக்கப் பார்த்தேன். அவன் திரும்பியதால் முகத்தில் பட்டது. அடுத்தடுத்த அடிகளும் முகத்தில் பட்டதற்குக் காரணம், அவன் முகத்தை என் பக்கமே வைத்திருந்ததுதான். பையன் வழுக்கி விழுந்துவிட்டான் என்று ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னாள். வழக்கு இல்லை, ஒன்றும் இல்லை.

ஆனால் இங்கே வக்கீலாக வேண்டுமென்றால் நடத்தையையும் அல்லவா கிளறுகிறார்கள். யாரையாவது அடித்துக் காயப்படுத்தியது உண்டா என்று அதை விசாரிக்கிற குழுவில் கேட்டார்கள். இல்லை என்றேன். என்னைத் தெரிந்த ஒருவரின் பெயரைக் கேட்டபோது டோரன் பெயரைக் கொடுத்தேன். பீர் குடித்த ஒரு நாள் கென்ட் கதையை அவனிடம் உளறியிருந்தது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

இன்று மத்தியானம் குடிலில் அவனே பேச்சை எடுத்தான். "நாளைக்கு அந்தக் குழுவிலேர்ந்து கூப்பிடுறாங்களாம். என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்டா."

"பொய் சொல்ல வேணாம். எதுவும் தெரியாதுன்னு சொல்லு."

"அதுக்குப் பேரு என்னவாம்? நானும் வக்கீலாகப் போறவன்தானே? பேசாம நீயே முந்திக்கிட்டுச் சொல்லிடு. விவரம் தெரியாத வயசுல பண்ணது, மன்னிச்சிடுவாங்க. நீ மறைச்சது தெரிஞ்சாதான் வாசல்லயே நிறுத்திடுவாங்க. பயமா இருந்தா சொல்லு, நானும் கூட வரேன்."

சொல்லிவிட்டுத் தூண்டிலைப் பார்க்கக் குனிந்தான்.

பனி உடைக்கிற கடப்பாரை என் கையருகில் இருந்தது. முதலில் முழங்காலில்தான் அடித்தேன். அவன் எழுந்து போய்விடாமல் நான் சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கால் தப்பான பக்கமாக மடங்கிக்கொண்டது. அவன் போட்ட கூச்சலில் யாருக்கும் எதையும் புரியவைக்க முடியாது, அதனால் தாடையில் அடித்தேன். பேச முடியாதவன் குழுவிடம் என்ன சொல்லிவிடுவான் என்று ஒரு நிம்மதி வந்தது. பிறகு, எழுதிக் காட்டலாமே என்று தோன்றியது. வக்கீல் என்றால் எல்லாப் பக்கமும் யோசிக்க வேண்டும். அதனால் இரண்டு கைகளையும் நாற்காலி மேல் ஒவ்வொன்றாக வைத்து நொறுக்கினேன். கோபக்காரனாக இருந்தால் மண்டையைப் பிளந்திருப்பேன். மண்டையை நான் தொடவே இல்லை.

அப்புறம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். தூண்டில்களைச் சுருட்டி வைத்தேன். அவன் போனை ஓட்டைக்குள் போட்டேன். வண்டிச் சாவி அவன் கோட்டுப் பையில் இருந்ததால் கோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஹீட்டரை அணைத்தேன். கவனிக்க ஆளில்லாத இடத்தில் கேஸை எரியவிட்டுப் போவது ஆபத்து, டோரனே அதில் ரொம்பக் கண்டிப்பு. கதவை வெளியே பூட்டிவிட்டு வந்தேன். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை, வக்கீலம்மா. அவனைப் போல ஒரு சிநேகிதன் இனி எனக்குக் கிடைக்க மாட்டான்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்?

"அவரு உயிரோட இருக்காரா?" என்றா கேட்கிறீர்கள்? பின்னே? நான் பூட்டும்போது முனகிக்கொண்டுதானே இருந்தான். நான் கொலைகாரன் இல்லை என்பதைத்தானே இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் ஏதாவது ஆனால் அது குளிர் செய்வது. நான் இங்கே உங்கள் எதிரில் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்.

டோரனும் பாடத்தில் இந்த இடத்துக்கு வந்தால் உங்களைப் போலத்தான் பரபரப்பான். "செத்துப் போனவனப் பத்தின்னா வக்கீல் வாயத் திறக்கக் கூடாதுடா. சாகப் போறவனக் காப்பாத்தணும்னா திறக்கலாம். அதான் சட்டம்." எத்தனையோ தடவை சொன்னான். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. ரகசியம் என்றால் ரகசியம்.

கதவைத் தட்டாதீர்கள், வக்கீலம்மா. போலீஸைக் கூப்பிட்டால் உங்கள் லைசென்ஸ் போய்விடும், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பூட்ஸோடா ஏரிக்கு ஓடப் போகிறீர்கள்?

போங்கள். சனிக்கிழமை இந்தக் கேள்வி வந்தால், கூடாது என்பதைத்தான் நான் சரியான விடையாகக் குறிப்பேன்.