தவணை கேட்ட காரணம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. என் முன் ஆசனத்தில் ஒரு பெண் சட்டத்தரணியும் அவருடைய கட்சிக்காரரும் இருந்தார்கள். அந்த மனிதர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“ஒவ்வொரு தடவையும் தவணை கேக்கச் சொன்னது நான். வழக்கை இழுத்தடிச்சீங்கன்னு, எதிர்த்தரப்புச் செலவ உங்க சொந்தக் காசுல கட்டச் சொல்லிட்டாரே ஜட்ஜ்?”

“அதுக்குத்தானே அப்பீல்.”

“அப்ப உண்மையச் சொல்லிருங்க மிஸ்.”

“என்னெண்டு? குடியை நிப்பாட்ட நீங்கள் ஆஸ்பத்திரியில இருந்தனீங்கள் எண்டோ? பிறகு மகளை உங்களிட்டத் தருவினமோ?”

“சொல்லாட்டி நீங்க தோத்துருவீங்களே?”

“தோத்தாலும் சொல்லேலாது. என்னை நம்பிச் சொன்னனீங்கள்.”

பஸ் மணிக்கூட்டுக் கோபுரத்தை நெருங்கியது. அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார்.

“சொல்லுங்க மிஸ். என்னைய அங்க போகச் சொன்னதே மகதான்.”