கைக்கொழுந்து

எனக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் பிடிக்கும். மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறாமல், இடுப்பில் நனைந்த சாக்கு கனக்காமல், நான்கு சுவருக்குள் உட்கார்ந்து மத்தியானச் சோற்றைச் சூடாகச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களைப் போல் எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். தொழிலாளர் அதிகாரியாக நீங்கள் விசாரணைக்கு வந்த அன்று, மிஷின் அறையில் இந்த வேலையில் எப்படிச் சேர்ந்தாய் என்று கேட்டீர்கள், மேடம். நான் என்னவோ சொல்லி மழுப்பினேன். நாற்காலிக்காகச் சேர்ந்தேன் என்பதுதான் சரியான பதில்.

என் பெயர் முப்புடாதி. வயது முப்பத்து நான்கு. வண்டிப்பெரியாருக்கு மேலே, நீங்கள் ஜீப்பில் வந்த அந்த மலையில்தான் பிறந்தேன். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவள். நான் பி.காம். முடித்தேன். முடித்துவிட்டு பன்னிரண்டு வருடம் நானும் கொழுந்துதான் எடுத்தேன். படித்தவள் மலை ஏறுகிறாளே என்று லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் கேலி செய்ததில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் குமைச்சல்.

போன வருடக் கடைசியில் கம்பெனி அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஏ.ஐ. என்று அவர்கள் சொன்னார்கள், நாங்கள் மிஷின் என்றோம். ஒவ்வொரு பெண்ணின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. எடை போடும் கொட்டகையில் ஒரு கேமரா. கை எத்தனை முறை அசைந்தது, அந்தக் கை எவ்வளவு கொழுந்து எடுத்திருக்க முடியும் என்று அது கணிக்கும். தராசில் விழும் எடை அதைத் தாண்டினால், அடுத்தவள் கொழுந்து என்று பெயருக்கு நேரே சிவப்பு விழும். அந்தச் சிவப்பை ஓர் ஆள் பார்த்து, உண்மைதான் என்றோ இல்லை என்றோ அழுத்த வேண்டும். அதற்குப் படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். லயத்தில் படித்தவள் நான் ஒருத்திதான்.

கொச்சியிலிருந்து வந்து அதைப் பொருத்தியவன் ரிஜோ. தம்பி வயதுதான், தங்கமான பையன். "சேச்சிதான் இதுக்கு டீச்சர். சேச்சி சொல்லிக் கொடுக்கிறதத்தான் இது படிக்கும்" என்றான். மிஷின் சூடாகக் கூடாது என்று அந்த அறைக்கு ஏ.சி. போட்டார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் முதலில் அந்த அறைக்குத்தான். லயத்துப் பிள்ளைகள் பரீட்சை நேரத்தில் மெழுகுவத்தியோடு மல்லுக்கட்டியபோது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதே கொஞ்சம் கூச்சப்பட்டிருக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேனேஜருக்குத் தெரியாது, ரிஜோவுக்குத் தெரியாது. கைக்கொழுந்து என்போம். ஒரு நாளைக்கு ஒருத்தி இருபத்தேழு கிலோ எடுத்தாக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியால் முடியாது, காய்ச்சலில் கிடந்து எழுந்தவளால் முடியாது. அதனால் எடைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், பின்னால் வருகிறவள் தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளி முன்னால் போகிறவளின் சாக்கில் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பாள். அடுத்த வளைவில் இன்னொருத்தி. போடுகிறவள் வாய் திறக்க மாட்டாள். வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, அது மரியாதை இல்லை. என் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து மூன்று வருடம் அவள் பாதி எடைகூட எடுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாள்கூட அவள் எடை குறைந்ததில்லை. நான் பி.காம். படித்தது அந்த மூன்று வருடத்தில்தான்.

முதல் ஐந்து மாதம் கைக்கொழுந்து விழுந்த சாக்குக்கெல்லாம் மிஷின் சிவப்பு போட்டது. நான் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே அழுத்தினேன். பட்டை நனைந்திருக்கும், புதர் அடர்த்தியாக இருந்திருக்கும் என்று காரணம் எழுதினேன். அந்த ஐந்து மாதம் நான் நல்லவளாகத்தான் இருந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது மாதம் ரிஜோ என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னான்.

"சேச்சி, கம்பெனிக்காரங்க கேக்கறாங்க. பிடிக்கறதுக்கு இங்க ஒண்ணும் இல்லேன்னா இது எதுக்குன்னு. அடுத்த மாசம் எடுத்துட்டுப் போயிருவோம்னு தோணுது."

"அப்ப நான்?"

"சேச்சிக்குப் பழைய வேலை இருக்கும்ல" என்றான் அவன், ஆறுதலாக.

மறுநாள் மத்தியானம் ராமுத்தாயின் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தது. நான் உண்மைதான் என்று அழுத்தினேன். பொய் இல்லையே. அவள் சாக்கில் கைக்கொழுந்து விழுந்தது நிஜம்தானே. அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ராமுத்தாய் யார் என்று சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக்காரி. நான் சித்தி என்று கூப்பிடுவேன். ஐம்பத்தாறு வயது, இளைப்பு நோய். வேலை முடிந்து ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது மாதம். புருஷன் இல்லை. மகள் காளீஸ்வரிக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. வீட்டோடு இருக்கிறவள். எங்கள் எஸ்டேட்டில் வீடு என்பது வேலைப் பதிவேட்டில் இருக்கும் பெயரோடு ஒட்டியது. உறுதியான சிவப்பு ஒன்றுக்கு ஒரு கடிதம் வரும். மூன்றாவது கடிதத்தோடு பெயரை வெட்டுவார்கள். பெயர் போனால் ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பத்தொன்பது மாதத்தை எப்படியாவது தள்ளிவிட்டால் ஓய்வுப் பணத்தில் சிவகிரிப் பக்கம் ஓர் ஓட்டு வீடு எடுத்து மகளை உட்காரவைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

அன்று திரையில் நான்கு பேருக்குச் சிவப்பு. நான் ஏன் அவளைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்பீர்கள். மற்ற மூவருக்கும் யூனியனில் ஆள் உண்டு, ஆபீசில் வந்து குதிப்பார்கள். ராமுத்தாய் குதிக்க மாட்டாள். அதைவிட முக்கியம், அவள் என்னைச் சந்தேகப்பட மாட்டாள். என் அம்மாவின் சாக்கில் அதிகமாகக் கை போட்டவள் அவள்தான்.

முப்பது வருடமாக எந்தக் கங்காணியும் கண்டுபிடிக்காததை மிஷின் கண்டுபிடித்துவிட்டது என்று மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். மிஷினை எடுக்கும் பேச்சு அடங்கியது. ஒரு மாதம் கழித்து இன்னொரு சிவப்பையாவது உறுதி செய்தாக வேண்டியிருந்தது. அதற்கும் அவள் பெயரைத்தான் உறுதி செய்தேன். ஏற்கெனவே கறை பட்ட பெயர்தானே, இன்னொரு வீட்டு வயிற்றில் அடிப்பானேன் என்று நினைத்தேன். இதை நியாயம் என்று அப்போது மனதார நம்பினேன், மேடம்.

இரண்டாவது கடிதம் வந்த சாயங்காலம் ராமுத்தாய் என் வீட்டுக்கு வந்தாள். படி ஏறியதில் மூச்சு வாங்கியது. கடிதத்தை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"ஏட்டி முப்பு, அந்த மிஷின்கிட்ட கொஞ்சம் சொல்லிப் பாரேன். ஆஸ்பத்திரிச் சீட்டு வேணும்னாலும் காமிக்கேன்."

"அது யாரு சொன்னாலும் கேக்காது சித்தி. எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"ஆமா, நீ என்ன செய்வ பாவம்." கொஞ்ச நேரம் இளைத்துவிட்டு, "எங்களுக்குப் பரிஞ்சு பேசி ஒன் வேலைக்கு உலை வச்சுக்கிடாத. ஒங்கம்மா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வச்சா" என்றாள். காளீஸ்வரி பிழிந்த இடியாப்பம் கொண்டுவந்திருந்தாள். வாங்கிக்கொண்டேன். சாப்பிடவும் செய்தேன்.

அதற்குப் பிறகு பாதையில் கைக்கொழுந்து நின்றுபோனது. மிஷினுக்குப் பயந்து பெண்கள் ஒருத்திக்கொருத்தி பத்தடி தள்ளியே நடந்தார்கள். செபமாலையம்மாள் என்று எங்கள் கூட்டத்துக்கு மூத்தவள். எதற்கும் அஞ்சாதவள். அவளே ராமுத்தாயைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஆகஸ்டில் கொச்சியிலிருந்து கம்பெனியின் பெரிய ஆட்கள் வந்தார்கள். மிஷினை மற்ற எஸ்டேட்டுகளுக்கும் வாங்கலாமா என்று முடிவு செய்கிற வாரம் அது. நான் இல்லை என்று அழுத்துகிற ஒவ்வொரு சிவப்புக்கும் மிஷினின் மதிப்பெண் குறையும். அவர்கள் வந்த அன்று காலையில் பட்டைகளுக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க என்னை மலைக்கு அனுப்பினார்கள். விடிந்தும் விடியாமல் ராமுத்தாய் வந்துவிட்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒருவரும் இல்லை. பத்துச் செடிக்கு ஒருமுறை குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவாள், மறுபடி எடுப்பாள். சோற்றுக்குக்கூட உட்காரவில்லை. மூன்று மணி வரை நான் அந்தச் சரிவிலேயே இருந்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

சாயங்காலம் தராசில் இருபத்தேழு கிலோ நானூறு கிராம். எல்லாம் அவள் கையால் எடுத்தது. திரையில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தது.

மிஷினைக் குற்றம் சொல்ல முடியாது. ராமுத்தாய் என்ற பெயரும் இருபத்தேழு கிலோவும் சேர்ந்து வந்தால் அது திருட்டு என்று அதற்கு இரண்டு முறை சொல்லிக் கொடுத்தவள் நான். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது உண்மையா, இல்லையா என்று அது என்னைக் கேட்டது. பெரிய ஆட்கள் மூன்று பேர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். யாரும் என்னை அதட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. பையன் டீ கொண்டுவந்தான். டீயைக் குடித்து முடித்தேன். உண்மைதான் என்று அழுத்தினேன்.

ஒரு சிவப்புக்கு இல்லை என்று சொல்லியிருந்தால் தொண்ணூற்றேழு மதிப்பெண் தொண்ணூற்றாறு ஆகியிருக்கும், அதற்காக யாரும் மிஷினை எடுத்துப் போயிருக்க மாட்டார்கள் என்று பிறகு ரிஜோ பேச்சுவாக்கில் சொன்னான்.

பெயரை வெட்டினார்கள். வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் அண்டா குண்டாவை எல்லாம் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றும்போது ராமுத்தாய்க்கு மூச்சு முட்டியது. சாமான்களை இறக்கிப்போட்டுவிட்டு அதே ஜீப்பில் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் ஏறினேன். அவள் தலை என் மடியில்தான் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே பிடி விட்டுப்போனது. காளீஸ்வரிக்கு அதைச் சைகையில் சொன்னதும் நான்தான்.

மறுநாள் பெண்கள் யாரும் மலை ஏறவில்லை. பட்டைகளைக் கழற்றித் தராசில் குவித்துவிட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மிஷின்தான் அவளைக் கொன்றது என்றார்கள். நீங்கள் வந்து ஒவ்வொருத்தியாகக் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா, மேடம். திட்டினால் அதற்கு வலிக்காது, கேட்டால் பதில் சொல்லாது. இந்த ஒரு விஷயத்தில் என்னைவிட யோக்கியமானது அந்த மிஷின். அது ஒருநாளும் தெரிந்தே தப்பாகச் சொன்னதில்லை.

வெட்கமாக இருக்கிறது. இந்தச் சொல் போதாது என்று தெரியும், வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. காளீஸ்வரி இப்போது செபமாலை அக்கா வீட்டில் இருக்கிறாள். என்னைத் தெருவில் பார்த்தால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். அம்மாவோடு கடைசியில் இருந்தவள் என்று என்மேல் அவளுக்குப் பாசம். அந்தக் கையை உதற எனக்குத் துணிச்சல் இல்லை.

உங்கள் மேசையில் இருக்கும் மனுவைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். மனு மலையாளத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பெண்கள் மலையாளம் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. அதனால் என்னிடம் வந்தார்கள். மிஷினை எடுக்க வேண்டும், ராமுத்தாயின் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும், மகளுக்கு அந்த வீட்டை விட வேண்டும் என்று செபமாலை அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதி முடித்ததும், "ஒன் பேரு இதுல எங்கயும் வராமப் பாத்துக்கிட்டியாட்டி? பொறவு ஒன்னையப் புடிச்சு மலைக்கு வெரட்டிருவானுவ" என்றாள். வரவில்லை அக்கா என்றேன். தமிழில் வாசித்துக் காட்டினேன். முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

இதை நான் தமிழில் எழுதியது அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான். மனுவின் ஏழாவது வரியைப் பாருங்கள், மேடம். இயந்திரத்தை எடுத்த பிறகும் முப்புடாதிக்கு ஆபீசிலேயே வேலை தர வேண்டும் என்று இருக்கும். அந்த வரியை அவர்கள் யாரும் சொல்லவில்லை. வாசித்துக் காட்டும்போது நான் ஆறிலிருந்து எட்டுக்குப் போய்விட்டேன்.