கரடியின் கை

கரடி உடையைத் துவைக்க முடியாது, ஐயா. வெயிலில் தொங்கவிடுவதோடு சரி. மாலை வகுப்பில் எதையும் வரிசைப்படி எழுதப் பழகியிருக்கிறேன். அப்படியே சொல்கிறேன்.

எங்கள் கேளிக்கைப் பூங்காவில் கரடி வேஷம் போடுவது பெரும்பாலும் அக்காதான். கூடப் பிறந்தவள் இல்லை, வேலையிடத்து அக்கா. உள்ளிருந்து சரியாக வெளியே தெரியாது என்பதால் நான் கைபிடித்து நடத்துவேன். கரடி பேசக் கூடாது. முடியவில்லை என்றால் என் கையை இரண்டு முறை அழுத்தும். உடனே அறைக்குக் கூட்டிப்போய்த் தலையைக் கழற்ற வேண்டும்.

போன விடுமுறைக் கொண்டாட்டத்தில் அவள் விடுப்பு எடுத்ததால் நான் உள்ளே போனேன். ரசிகை ஒருத்தி பார்த்ததுமே சொன்னாள்: "இது நம்ம கரடி இல்லடி. யாரோ டூப்பு. வா, போலாம்." இதைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ நிஜக் கரடி மாதிரி நடக்கிறடா தம்பி. அதான் தப்பு." எனக்குக் கோபம் வந்ததா என்று பலமுறை யோசித்துவிட்டேன். வந்ததாகத் தெரியவில்லை.

கரடியின் ரசிகர்களுக்கென்று பூங்கா நடத்தும் இந்த ரசிகர் நாளில் வெயில் கொளுத்தியது. படமெடுக்க வாசல்வரை வரிசை. மதியம் அக்கா இரண்டு முறை அழுத்தினாள். புரியவில்லை என்று சொன்னால் பொய். வரிசையில் நின்ற குழந்தைகளை நினைத்தேன். பதிலுக்கு நானும் அழுத்தினேன். இதோ போகலாம் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, நின்றாள். மறுபடி அழுத்தினாள். நானும் அழுத்தினேன். பிறகு கரடி மெல்லத் தரையில் உட்கார்ந்தது.

"அச்சச்சோ, செல்லம் டயர்டாயிடுச்சு பாரு," என்று ஒரு தாய் தன் குழந்தையை அதன் மடியில் வைத்தாள். நான் கேமராவைப் பார்க்கச் சொன்னேன். படத்தில் கரடி தலையைச் சாய்த்துக்கொண்டு அழகாகத்தான் இருக்கிறது.

தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

அறையில் தலையைக் கழற்றியபோது மூச்சு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. உதடுகூட அசைந்தது. டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் நிகழ்ச்சியை நிறுத்தியிருப்பார்கள். வெளியே அத்தனை குழந்தைகள். உடையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் போட்டுக்கொண்டபோது உடை ஈரமாக, சூடாக இருந்தது. எனக்குக் கைபிடிக்க ஆள் தேவைப்படவில்லை, வழியெல்லாம் மனப்பாடம். இருட்டும்வரை ஆடினேன். குழந்தைகளுக்காகத்தான் ஆடினேன்.

இது யாரென்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.